எங்கள் பாட்டுக்கு ஓர் அலைவரிசை

இலங்கை வானொலியைப் பற்றித் தமிழில் எழுதப்படுவதில் பெரும்பகுதி அறிவிப்பாளர்களைப் பற்றியது. எஸ். பி. மயில்வாகனத்தின் துள்ளல், கே. எஸ். ராஜாவின் வேகம், ராஜேஸ்வரி சண்முகத்தின் கனிவு, பி. எச். அப்துல் ஹமீதின் துல்லியமான உச்சரிப்பு என்று யாழ்ப்பாணத்திலும் பேசுகிறார்கள், பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் பேசுகிறார்கள். அந்தப் புகழுக்கு அவர்கள் முற்றிலும் தகுதியானவர்கள். ஆனால் அந்தக் குரல்கள் எந்தப் பாட்டுகளை அறிமுகப்படுத்திப் பெயர் பெற்றன என்று கேட்டால் விடை சற்றுச் சங்கடமானது. பெரும்பாலும் அவை சென்னையில் பதிவான திரைப்பாடல்கள். அதே கட்டடத்தில், அதே ஆண்டுகளில், இந்த நாட்டுக் கவிஞர்கள் எழுதி இந்த நாட்டுப் பாடகர்கள் பாடிய மெல்லிசைப் பாடல்களும் கர்நாடக இசைக் கச்சேரிகளும் நாட்டார் பாடல்களும் பதிவாகிக்கொண்டிருந்தன. ஒலிபரப்பு நேரத்தில் அவற்றுக்குக் கிடைத்தது சிறு பங்கே. இன்று அந்தப் பங்கும் சுருங்கிவிட்டது. இலங்கைத் தமிழரின் இசைக்கென்றே, அரசின் பொதுப் பணத்தில், இணையத்தில் மட்டும் இயங்கும் ஒரு டிஜிட்டல் இசை வானொலி வேண்டும் என்பதும், அதன் நிலையம் யாழ்ப்பாணத்தில் இருக்க வேண்டும் என்பதும், பழைய ஒலிநாடாக்கள் அழிவதற்குள் அது தொடங்க வேண்டும் என்பதும் என் வாதம்.

இலங்கையில் வானொலி பிறந்ததே இசையோடுதான். தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக இருந்த எட்வர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிப் பாகங்களைக் கொண்டு ஒலிபரப்பி அமைத்து, கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்திலிருந்து முதலில் ஒலிக்கவிட்டது கிராமபோன் இசையைத்தான். 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் நேசநாட்டுப் படையினருக்காகக் கொழும்பிலிருந்து இயங்கிய சீக் வானொலியின் சக்திமிக்க சிற்றலை ஒலிபரப்பி போருக்குப் பின் இலங்கை அரசிடம் வந்தது. 1949இல் ரேடியோ சிலோன் தனித் திணைக்களமானது. 1950இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்த ஆஸ்திரேலியர் கிளிஃபர்ட் டொட்டின் கையில் வர்த்தக சேவை உருவெடுத்தது. அதற்கு இரண்டே ஆண்டுகளில் இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல் தரம் குறைந்தது என்று கருதி அதை ஆல் இந்தியா ரேடியோவிலிருந்து ஒதுக்கத் தலைப்பட்டார். கொழும்புக்கு அது பெரும் வாய்ப்பாயிற்று. 1952இல் தொடங்கிய பினாகா கீத்மாலாவை அமீன் சயானியின் குரலில் வட இந்தியாவே ரேடியோ சிலோனில் கேட்டது. தமிழ் வர்த்தக சேவையைத் தென்னிந்தியா கேட்டது. இழந்த நேயர்களை மீட்க டெல்லி 1957 அக்டோபர் 3இல் விவித் பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. இலங்கை வானொலியின் பொற்காலம் என்று நாம் கொண்டாடுவது மக்களின் ரசனை தானாக வளர்ந்து கண்ட வெற்றி என்று நம்புகிறோம். அதன் அடியில் இருந்தவை இரண்டு அரசுகளின் இரண்டு கொள்கை முடிவுகள். எந்தப் பாட்டு வானலையில் ஏற வேண்டும் என்பதை அன்றும் யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து தீர்மானித்தார். அதனால்தான் இன்றும் அப்படி ஒரு தீர்மானம் எடுக்கக் கோருவதில் பிழை இல்லை என்கிறேன்.

அந்த நாட்களில் கொழும்புக் கலையகங்களில் பதிவான நம் சொந்த இசை எது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மெல்லிசை என்ற பெயரில் ஒரு முழு மரபே அங்கு உருவானது. ஒலிபரப்பாளராகவும் பாடகராகவும் இருந்த எஸ். கே. பரராஜசிங்கம், எம். ஏ. குலசீலநாதன், வி. முத்தழகு போன்றோர் அதற்குக் குரல் கொடுத்தார்கள். சிங்களத் திரையிசையில் பெரும் பெயர் பெற்ற ஆர். முத்துசாமி, எம். கே. றொக்சாமி ஆகிய தமிழ் இசையமைப்பாளர்கள் அதே நகரத்தில், அதே வாத்தியக் கலைஞர்களோடு வேலை செய்துகொண்டிருந்தார்கள். பைலாவின் தாளத்தைத் தமிழுக்குள் கொண்டுவந்த பொப் இசை இன்னொரு கிளை. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ இரண்டும் கடல் கடந்தன. தமிழ்நாட்டுக் கல்யாண வீடுகளில் இன்று அவற்றைப் பாடுவோரில் பலருக்கு அவை எந்த நாட்டுப் பாட்டு என்பதே தெரியாது. செவ்வியல் பக்கம் திரும்பினால், 1933இல் பிறந்து 1975இல் மறைந்த தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி, அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதசுவரம், நடிகமணி வி. வி. வைரமுத்துவின் இசை நாடகப் பாடல்கள் என்று குடாநாடே ஒரு தனி இசை நிலம். தமிழ்நாட்டின் முன்னணி நாதசுவர வித்துவான்களுக்கு வாசித்த தெட்சணாமூர்த்தியின் தவிலை இன்று இணுவிலில் தவில் பழகும் ஒரு பிள்ளை கேட்க விரும்பினால், யாரோ ஒருவருடைய சேகரிப்பிலிருந்து பிரதிக்குப் பிரதியாகத் தேய்ந்த பதிவைத்தான் தேட வேண்டும். அந்தப் பிள்ளைக்கு நல்ல பதிவு ஒன்றை, இன்ன ஆண்டு, இன்ன இடம், உடன் வாசித்தவர் இன்னார் என்ற விவரத்தோடு தருவது பொது வானொலியின் கடமை என்று நினைக்கிறேன். அதை வேறு யாரும் செய்யப்போவதில்லை.

தனியார் வானொலிகள் செய்யாதா என்று கேட்கலாம். 1990களில் அரசின் ஏகபோகம் முடிந்து, 1998இல் சூரியன் எப்.எம்., சக்தி எப்.எம். இரண்டும் தமிழில் வந்தபோது உற்சாகம் இருந்தது. பேச்சு நடை இளகியது, நேயர்கள் தொலைபேசியில் நேரடியாகப் பேசினார்கள், செய்திக்கும் போட்டி வந்தது. இசையில் மட்டும் தேர்வு விரியவில்லை. விளம்பரத்தால் வாழும் நிலையம் இந்த வாரம் வந்த படத்தின் பாட்டைப் போடாமல் இருக்க முடியாது, பக்கத்து அலைவரிசை அதைப் போடும். இது நிர்வாகிகளின் குணக்கேடு இல்லை, தொழிலின் கணக்கு. கனடா 1971இலேயே தன் வானொலிகளில் ஒலிக்கும் பாடல்களில் 30 வீதம் கனடியப் படைப்பாக இருக்க வேண்டும் என்று விதித்து, பின்னர் அதை 35 வீதமாக்கியது. நாமும் அப்படி ஒரு விதி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் பக்கத்தில் எண்பது மில்லியன் தமிழரின் சினிமாத் தொழில் இருக்கையில் இலங்கைத் தனியார் நிலையத்துக்கு இடும் பங்கீட்டு விதி நள்ளிரவு மூன்று மணிக்கு நிறைவேற்றப்படும் சடங்காகிவிடக்கூடும். அந்த இசையையே தன் முழுநேர வேலையாகக் கொண்ட நிலையம் ஒன்று தனியே வேண்டும்.

இதற்கு உலகில் நல்ல முன்மாதிரி பிபிசியின் 6 மியூசிக். 2002 மார்ச் 11இல் தொடங்கிய அது சாதாரண எப்.எம். வானொலிப் பெட்டியில் கேட்காது. டிஜிட்டல் ஒலிபரப்பிலும் இணையத்திலும் மட்டுமே வரும். அதன் அடித்தளம் பிபிசியின் சொந்த ஒலிக்களஞ்சியம். அந்தக் களஞ்சியம் உருவான கதை நமக்கு நேரடியாகப் பொருந்துவது. பிரிட்டனில் 1988 வரை, இசைக்கலைஞர் சங்கத்தோடும் இசைத்தட்டு நிறுவனங்களோடும் செய்த உடன்பாடுகளின்படி, வானொலி நாளொன்றில் இத்தனை மணி நேரமே இசைத்தட்டுகளைப் போடலாம் என்ற கட்டுப்பாடு இருந்தது. மீதி நேரத்தை நிரப்பக் கலைஞர்களைக் கூப்பிட்டு, பணம் கொடுத்து, தன் கலையகத்தில் பாடவைத்துப் பதிவதைத் தவிர பிபிசிக்கு வழியில்லை. ஜோன் பீல் என்ற ஒரே அறிவிப்பாளரின் நிகழ்ச்சிக்காக 1967 முதல் 2004 வரை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவு அமர்வுகள் நடந்தன. அவற்றில் பல, அப்போது பெயர் தெரியாத இளைஞர்களுடையவை. கொழும்பின் வர்த்தக சேவைக்கு அப்படி ஒரு நெருக்கடி வரவேயில்லை. இசைத்தட்டு சென்னையிலிருந்து வந்தது, ஊசியை வைத்தால் பாட்டு வந்தது. உள்ளூர்க் கலைஞரைக் கூப்பிட வேண்டிய அவசியம் இல்லாதபோது, கூப்பிட்ட சிலர் கலையுணர்வால் மட்டும் கூப்பிட்டார்கள். அவர்களை நாம் எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் தனிமனிதர்களின் கலையுணர்வை நம்பி ஒரு மரபைப் பாதுகாக்க முடியாது என்பதற்கு அவர்களுக்குப் பின் வந்த வெறுமையே சாட்சி.

6 மியூசிக்கின் கதை அங்கே முடியவில்லை. 2010 மார்ச் மாதத்தில் செலவைக் குறைக்க முனைந்த பிபிசி நிர்வாகம் அதை மூடப்போவதாக அறிவித்தது. வாராந்த நேயர்கள் ஏழு இலட்சத்துக்கும் சற்றுக் குறைவு, நாட்டில் ஐந்தில் ஒருவருக்கே அப்படி ஒரு நிலையம் இருப்பது தெரியும் என்று கணக்குக் காட்டியது. நேயர்களும் கலைஞர்களும் எதிர்த்தார்கள், டேவிட் போவி குரல் கொடுத்தார். மூடப்போகிறார்கள் என்ற செய்தியைக் கேட்டே பலர் முதல்முறையாக அதைத் தேடிக் கேட்டார்கள். நேயர் தொகை சில மாதங்களில் பத்து இலட்சத்தைத் தாண்டியது. அந்த ஜூலையில் பிபிசியை மேற்பார்வை செய்த அறக்கட்டளை மூடும் திட்டத்தை நிராகரித்தது. பின்னர் அது பிரிட்டனில் டிஜிட்டலில் மட்டும் ஒலிக்கும் நிலையங்களில் முதலிடத்துக்கு வந்தது. இதில் நேயர் தொகை உயர்ந்ததைவிட எனக்கு முக்கியமாகப் படுவது விவாதம் நடந்த விதம். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற கேள்வியோடு, இந்த வேலையை வேறு யாராவது செய்வார்களா என்ற கேள்வியும் எழுந்தது. பொதுப் பணத்தில் இயங்கும் எதற்கும் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி அது. இந்தியாவும் தன் வழியில் இதே முடிவுக்கு வந்தது. 2016 ஜனவரி 26இல் ஆல் இந்தியா ரேடியோ தொடங்கிய ‘ராகம்’ செவ்வியல் இசைக்கான இருபத்துநான்கு மணிநேரச் சேவை. செய்மதித் தொலைக்காட்சிப் பெட்டியிலும் கைத்தொலைபேசியிலும் அதைக் கேட்கலாம். நிலையங்களின் பதிவறைகளில் அடுக்கியிருந்த பழைய கச்சேரிகளுக்கு அது மறுபடி காது தேடிக் கொடுத்தது.

நம்மிடம் அப்படி ஒரு களஞ்சியம் இருக்கிறதா? இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பதிவறை ஆசியாவின் பழைய ஒலிக்களஞ்சியங்களில் ஒன்று. ஹிந்தித் திரையிசைத் தட்டுகளுக்காக இந்திய ரசிகர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள். தமிழ்ப் பகுதியின் ஒலிநாடாக்களைத் தேடி அப்படி யாரும் வருவதில்லை. நாடா என்பது பிளாஸ்டிக் பட்டியில் ஒட்டிய காந்தத் துகள். ஈரப்பதமான காற்றில் துகளைப் பிடித்திருக்கும் பசை இளகும், பட்டி ஒன்றோடொன்று ஒட்டும், ஓடவிட்டால் ஒலி உரிந்து போகும். நாடா நன்றாயிருந்தாலும் அதை ஓடவைக்கும் இயந்திரத்தை உலகில் இப்போது யாரும் பெருமளவில் செய்வதில்லை, உதிரிப் பாகங்களும் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்து வருகிறார்கள். யுனெஸ்கோ 2019இல், ஒலிக்காப்பகங்களின் சர்வதேசச் சங்கத்தோடு சேர்ந்து, காந்த நாடா எச்சரிக்கை என்ற திட்டத்தையே தொடங்கியது. 2025 வாக்கில் உலகின் பல இடங்களில் நாடாக்களை முறையாக டிஜிட்டலுக்கு மாற்றுவது நின்றுபோகலாம் என்பது துறையினரின் கணிப்பாக இருந்தது. அந்த ஆண்டும் வந்து கடந்துவிட்டது. பணக்கார பிபிசியே அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நாடாவை மிச்சப்படுத்த பழைய நிகழ்ச்சிகளை அழித்து மேலே பதிந்தது. டாக்டர் ஹூ தொடரில் மட்டும் ஏறத்தாழ நூறு பகுதிகள் காணாமற்போய், பின்னர் நேயர்களின் வீடுகளில் தேட வேண்டி வந்தது. வசதி குறைந்த நம் நிறுவனத்தில் என்ன தொலைந்தது என்பதற்குப் பகிரங்கமான பட்டியல்கூடக் கிடையாது.

களஞ்சியத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் காப்பகம் ஒன்று போதாதா, வானொலி எதற்கு என்று கேட்போருக்கு ஒரு பதில் உண்டு. கேட்கப்படாத காப்பகத்துக்கு வரவுசெலவுத் திட்டத்தில் யாரும் பணம் ஒதுக்குவதில்லை. நாள்தோறும் பாட்டுப் போட வேண்டிய கட்டாயம் உள்ள நிலையம் ஒன்று இருந்தால் நாளைய நிகழ்ச்சிக்காக இன்று ஒரு நாடாவை எடுத்துத் துடைத்து மாற்ற வேண்டும். வேலை நகரும். அப்படி மாற்றிய பதிவு ஒலித்ததும், அந்த மிருதங்கம் வாசித்தது என் பெரியப்பா என்று ஏழாலையிலிருந்தோ தொராண்டோவிலிருந்தோ ஒருவர் எழுதுவார். விவரக்குறிப்பு சரியாகும். இதே முறையில் ஆர்வலர்கள் கூடி 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் பல்லாயிரக்கணக்கான ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. அச்சுக்கு அவர்கள் செய்ததை ஒலிக்குச் செய்ய, உரிமையும் நாடாவும் இயந்திரமும் வைத்திருக்கும் அரச நிறுவனம் முன்வந்தாக வேண்டும். ஆர்வலர்கள் அந்தக் கதவைத் தாங்களாகத் திறக்க முடியாது.

நிலையம் ஏன் யாழ்ப்பாணத்தில்? கலைஞர்கள் இங்கே இருப்பதால். மருதனார்மடத்தில் 1960களில் மகாராஜபுரம் சந்தானம் அதிபராக இருந்து கற்பித்த இராமநாதன் இசைக் கல்லூரி 1975 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறது. அங்கிருந்து ஆண்டுதோறும் வாய்ப்பாட்டும் வயலினும் மிருதங்கமும் கற்ற இளைஞர்கள் வெளியே வருகிறார்கள். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் தோற்றி வந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பட்டம் பெற்ற பின் இருக்கும் வழி பாடசாலை ஆசிரியர் நியமனம் ஒன்றுதான். பாடுவதற்கு மேடை கோயில் திருவிழா, பதிவதற்கு இடம் தன் சொந்தச் செலவில் ஒரு தனியார் கலையகம். நல்லூரிலும் மாவிட்டபுரத்திலும் சந்நிதியிலும் ஆண்டு முழுவதும் ஒலிக்கும் மங்கல இசையை முறையாகப் பதிந்து வைக்கும் பொது நிறுவனம் எதுவும் இல்லை. 2011இல் தொடங்கிய யாழ்ப்பாண இசை விழா ஓர் உண்மையைக் காட்டியது. தெற்கிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்த குழுக்களோடு வடக்கு கிழக்கின் கூத்துக் கலைஞர்களை ஒரே மேடையில் ஏற்றினால் கேட்க மக்கள் வருகிறார்கள். விழா சில நாட்களில் முடிந்துவிடும். நிலையம் மற்ற நாட்களுக்கும் வேண்டும். அறைக்குள் ராப் பாடிப் பதிந்து யூடியூப்பில் ஏற்றும் இளைஞருக்கும் அங்கே இடம் வேண்டும். பிபிசி 2007 முதல் இன்ட்ரடியூசிங் என்ற பெயரில், யாரும் தன் பாட்டை அனுப்பலாம், உள்ளூர் நிலையத்தில் ஒருவர் அதைக் கேட்டுத் தீர்மானிப்பார் என்ற ஏற்பாட்டை நடத்துகிறது. அதை யாழ்ப்பாணத்தில் செய்யப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

யூடியூப்பே போதுமே என்ற எதிர்வாதம் இங்கேதான் வரும். தேடத் தெரிந்தவருக்கு யூடியூப் நல்லது, ஐயமில்லை. ஆனால் பெயர் தெரியாத ஒன்றை யாரும் தேடுவதில்லை. குலசீலநாதன் என்ற பெயரையே கேட்டிராத பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு யூடியூப் அவரைக் காட்டாது. அந்தப் பிள்ளை நேற்றுக் கேட்டதைப் போன்ற இன்னொன்றைக் காட்டும். விஷயம் தெரிந்த ஒருவர் தெரிந்தெடுத்து, இது ஏன் கேட்கத்தக்கது என்று இரண்டு வாக்கியம் சொல்லி, பிறகு முழுப் பாட்டையும் போடுவது மயில்வாகனம் காலத்தில் இலங்கை வானொலி கண்டெடுத்த கலை. திரைப்பாடலுக்குச் செய்ததை நம் இசைக்கும் செய்யலாம். மேலும், தனியார் தளத்தில் ஏற்றிய பதிவு உரிமைப் புகாரிலோ கணக்கு முடக்கத்திலோ ஒரே இரவில் மறையக்கூடியது. நம் இசையின் ஒரே பிரதியை இன்னொருவரின் வியாபாரத் தளத்தில் விட்டுவைத்திருக்கிறோம்.

பணம் எங்கே என்பது நியாயமான கேள்வி. பொருளாதார நெருக்கடியில் மருந்துக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற நாடு இது. ஆனால் நான் கேட்பது புதிய கோபுரமோ அலைவரிசை உரிமமோ அல்ல. இணையத்தில் மட்டும் இயங்கும் சேவைக்குச் செலவின் பெரும்பகுதி மனிதர்கள்: நாடா மாற்றும் தொழில்நுட்பவியலாளர்கள், பட்டியல் தயாரிப்பவர்கள், சில தயாரிப்பாளர்கள், பாட வரும் கலைஞர்களுக்கான கொடுப்பனவு. கட்டடத்துக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தொழில்நுட்பத் துணிச்சலும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்குப் புதிதில்லை. 1990களின் இறுதியில், இணையம் என்ற சொல்லே பலருக்கு எட்டாதிருந்தபோது, மலையகத்தில் அதன் கொத்மலை சமூக வானொலி யுனெஸ்கோவின் துணையோடு நேயர்களின் கேள்விகளுக்கு இணையத்தில் விடை தேடி வானலையில் சொன்னது. உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் அதைப் பார்க்க வந்தார்கள். புலம்பெயர்ந்தோரின் பணத்தைப் பொறுத்தவரை எனக்கு ஒரு தயக்கம் உண்டு. நாடாக்களை மாற்றும் ஒருமுறைச் செலவுக்கு அது வரலாம், வெளிப்படையான கணக்கோடு. அன்றாடச் செலவு பொதுப் பணமாகவே இருக்க வேண்டும். நன்கொடையில் நடக்கும் வானொலி நன்கொடையாளரின் பாட்டைத்தான் போடும்.

மிகக் கடினமான எதிர்வாதம் வேறு. அரசின் வானொலியை யாழ்ப்பாணம் எதற்காக நம்ப வேண்டும்? 1990களின் முதற்பாதியில், போரின் நடுவே மின்சாரம் துண்டிக்கப்பட்டு, பற்றரிக்கும் தடை இருந்தபோது, குடாநாட்டு மக்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலியை இயக்கினார்கள். அவ்வளவு பாடுபட்டு அவர்கள் திருப்பியது கொழும்பைவிட பிபிசி தமிழோசைக்கும் வெரித்தாஸ் வானொலிக்குமே அதிகம். தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு நின்றபோது இங்கே எழுந்த வருத்தத்தின் ஆழத்துக்கு அதுவே காரணம். இந்த அவநம்பிக்கையை வெறும் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. இசையும் இதிலிருந்து விலகி நிற்பதில்லை. போர்க்காலத்தில் வடக்கில் பதிவான பாடல்கள் ஏராளம். அவற்றில் நம் இசைக்கலைஞர்கள் பலரின் உழைப்பு இருக்கிறது. அரச நிலையம் அவற்றை என்ன செய்யும்? காப்பது வேறு, ஒலிபரப்புவது வேறு என்பதே நேர்மையான விடை. அக்காலத்தின் பதிவுகள் எல்லாவற்றையும், எந்தத் தரப்பினுடையதானாலும், ஆய்வாளர் அணுகக்கூடிய ஆவணமாகக் காக்க வேண்டும். எது வானலையில் வரும் என்பதை அமைச்சரின் தொலைபேசி தீர்மானிக்காமல், எழுதி வெளியிட்ட விதியும் அதற்குப் பொறுப்பான சுயாதீனச் சபையும் தீர்மானிக்க வேண்டும். அந்தச் சபையில் பல்கலைக்கழகத்தின் இசைத்துறையும் கலைஞர்களும் நேயர்களும் இருக்க வேண்டும்.

இது கற்பனைக் கோரிக்கை என்று சொல்வோர் இந்நாட்டு உயர் நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைப் பார்க்க வேண்டும். 1996இல், ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்றைத் திடீரென நிறுத்தியபோது, அதில் பங்குபற்றிவந்த ஒரு நேயர் வழக்குத் தொடர்ந்தார். அவருடைய கருத்து வெளிப்பாட்டு உரிமை மீறப்பட்டதாக நீதிமன்றம் கண்டது. அடுத்த ஆண்டு, ஒலிபரப்பு அதிகார சபைச் சட்டமூலத்தை ஆராய்ந்த அதே நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுச் சொத்து என்றும், அவற்றை ஒழுங்குபடுத்தும் அமைப்பு அரசாங்கத்தின் தலையீட்டுக்கு அப்பாற்பட்டதாக இருக்க வேண்டும் என்றும் கூறி, சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என்றது. 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்து 1967 ஜனவரி 5இல் இயங்கத் தொடங்கிய கூட்டுத்தாபனம் திணைக்களமாக இருந்த வானொலியை அரசிலிருந்து ஓரளவு விலக்கவே உருவாக்கப்பட்டது. நடைமுறை அந்த நோக்கத்திலிருந்து வெகுதூரம் போய்விட்டது, மறுக்கவில்லை. ஆனாலும் சிறிய, செலவு குறைந்த, செய்தியில் கைவைக்காத ஓர் இசைச் சேவையில் சுயாதீன நிர்வாகத்தைப் பரீட்சித்துப் பார்ப்பது, முழு நிறுவனத்தையும் ஒரே நாளில் திருத்துவதைவிட எளிது.

உரிமைப் பிரச்சினை உண்டு, தீர்வும் உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஒலிப்பதிவுக்கான பாதுகாப்பு 50 ஆண்டுகள், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் அவர் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டுகளும். எழுபதுகளின் முற்பகுதி வரையான பதிவுகளில் பாடலாசிரியர், இசையமைப்பாளர் குடும்பங்களோடுதான் பெரும்பாலும் பேச வேண்டியிருக்கும். அந்தக் குடும்பங்களுக்கு இதுவரை ஒரு சதமும் போகவில்லை என்றால், சேவை தொடங்குவது அவர்களுக்கு இழப்பல்ல. சிறு தொகையானாலும் பெயரும் கணக்கும் எழுதி அனுப்பும் பழக்கம் ஒன்று தொடங்கும்.

கடைசியாக, நம் பக்கத்திலிருந்தே எழும் ஓர் ஐயம். நிலையம் யாழ்ப்பாணத்தில் இருந்தால் அது யாழ்ப்பாண வானொலியாகிவிடும், மட்டக்களப்பின் கூத்தும் மலையகத்தின் தப்பும் காமன்கூத்துப் பாடலும் முஸ்லிம் ஊர்களின் பக்கீர் பைத்தும் ஓரத்துக்குப் போகும் என்பது. இந்த அச்சத்துக்கு வரலாறு இருக்கிறது, குடாநாடு அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒலிபரப்பு நேரத்தில் ஒவ்வொரு பிரதேசத்துக்கும் உரிய பங்கை முதல் நாளே எழுதி வைப்பதும், மட்டக்களப்பிலும் ஹட்டனிலும் ஒரு சிறு பதிவறையாவது வைப்பதும் திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும். இவை இல்லாத திட்டத்தை நான் ஆதரிக்கமாட்டேன்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், பதிவறையிலிருந்து. தமிழ்ச் சேவையின் நாடாக்கள் எத்தனை, எந்த ஆண்டுகளைச் சேர்ந்தவை, எவை ஓடும் நிலையில் உள்ளன, எவை ஏற்கெனவே டிஜிட்டலுக்கு மாற்றப்பட்டன என்ற பட்டியலை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் பகிரங்கமாக வெளியிட வேண்டும். அது தானாக வெளியிடாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் எழுத்தில் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்பதை அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்தாக வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறை மாணவர்களில் ஒருவர் அந்த விண்ணப்பத்தை எழுதினால், பதில் எப்படி வந்தாலும், இந்த விவாதம் நினைவுகளைவிட்டு ஆவணங்களின் மேல் நடக்கத் தொடங்கும்.